நோட்டு ஓரத்துச் சிவப்பு வட்டம்

அன்றைக்கு நான் "தெரியும்" என்று சொல்லவில்லை. "தெரியாதுக்கா" என்றேன். ராஜகனி அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மேஜையில் அடுக்கியிருந்த நோட்டுகளில் மேலே கிடந்ததை எடுத்துப் பிரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அதற்கு ஆறு வருடம் கழித்து, போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பெங்களூரில் அலுவலகத்தில் இருந்தபோது கோவில்பட்டியிலிருந்து அண்ணாச்சி போன் செய்தார். நாங்கள் இருவரும் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி அவர். நலம் விசாரிக்காமல் அவர் பேச்சைத் தொடங்கியதே இல்லை. அன்றைக்கு அப்படித்தான் தொடங்கினார்.

"எம்மா உமா, நம்ம கனி தவறிட்டா. காலையில பஸ்ஸுக்கு வந்து உக்காந்திருக்கா. பஸ்ஸு வந்தப்ப எந்திரிக்கல. கண்டக்டர்தான் எறங்கிப் பாத்திருக்கான்."

நான் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆபரேசனுக்கு நாள் குறிச்சிருந்திச்சு. ஒனக்கு எழுதியிருப்பாளே."

எழுதியிருந்தார். பதில் போட வேண்டிய அந்தக் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது.

பழைய மாணவர்கள் சேர்ந்து போடும் இந்தச் சிறு நினைவு மலருக்கு எழுதச் சொல்லி நீங்கள் கேட்டபோது முதலில் மறுத்தேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட உங்களில் பலருக்குத் தகுதி அதிகம். நான் அவருடன் வேலை பார்த்தது மூன்றே வருடம். ஆனால் மற்றவர்கள் எழுத முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது பாதிப் பொய்யாகிவிடும்.

சென்டர் உங்களுக்கு நினைவிருக்கும். கீழே அண்ணாச்சியின் தீப்பெட்டி லேபிள் கிடங்கு, மேலே நாம். ஐந்து கம்ப்யூட்டர்கள். ஒரு வகுப்புக்கு இருபது பேர். யாராவது முடிவில்லாமல் சுற்றும் புரோகிராம் ஒன்றை ஓட்டிவிட்டால் மிசினை அணைத்துத்தான் நிறுத்த வேண்டும். அடித்து வைத்தது போகும், வரிசையில் இருப்பவரின் நேரமும் போகும். அதனால்தான் அக்கா அந்த விதியைக் கொண்டுவந்தார்: முதலில் நோட்டில் எழுத வேண்டும், அவர் வாசிக்க வேண்டும், சுற்றாமல் தானாக முடிந்துவிடும் என்று கண்டு அவர் ஓரத்தில் சிவப்பு மையில் "நிக்கும்" என்று போட்டால்தான் மிசினைத் தொடலாம். "நிக்காது" என்று போட்டால் திரும்ப எழுத வேண்டும். உங்களில் யாரிடமாவது அந்த நோட்டு இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன்.

அவர் வாசிப்பதைப் பார்ப்பதே ஒரு வேலை. இடது கையின் விரல்களை மேஜைமேல் பரப்பிக்கொள்வார். புரோகிராமில் ஒரு மதிப்புக்குப் பெயராக வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரல். கட்டைவிரல் ஐ, ஆள்காட்டி விரல் ஜே. மதிப்பு மாற மாற அந்த விரல் மடங்கும், நிமிரும். வலது கைப் பேனா வரிவரியாக இறங்கி, திரும்ப மேலே ஏறும். புரோகிராம் மிசினில் ஓடுவதற்கு முன்னால் அவருக்குள் ஒரு முறை ஓடி முடிந்துவிடும். ஆறாவது எழுத்து வந்தால் பக்கத்தில் இருக்கும் என் கையை இழுப்பார். "வெரலக் குடுட்டி" என்பார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலை மட்டும் அவரிடம் விட்டுவைப்பேன்.

ஒரு தடவை நான் ஒரு பையனுக்காகப் பரிந்து பேசினேன். அவன் நினைத்தது சரிதான், ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கிறது என்றேன். அக்கா தலையைத் தூக்கவில்லை. "அவன் என்ன நெனச்சான்னு மிசினு கேக்காது உமா. என்ன எழுதியிருக்கான்னு மட்டும் பாரு." நிக்காது என்று போட்டு நோட்டை மூடினார்.

அண்ணாச்சிக்கு இந்த நிற்பதும் நிற்காததும் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு நாள் மாணவன் ஒருவன் மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "அண்ணாச்சி, மூணாம் நம்பர் மிசினு நின்னுபோச்சு" என்று கத்தினான்.

"நிக்கலண்ணாச்சி," என்றார் அக்கா. "நிக்க மாட்டேங்கு. அதான் வெவகாரமே."

"நின்னுபோச்சுங்கான் ஒருத்தன். நிக்கலங்கா ஒருத்தி. கடைசியில ரெண்டு பேரும் சேந்து சுவிட்ச அமத்துதீங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

சென்டருக்கு ஏறும் படிகள் இருபத்திரண்டு. எண்ணியது நான் அல்ல, அக்கா. விளாத்திகுளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். அப்பாவுக்கு வானம் பார்த்த பூமி, மிளகாயும் பருத்தியும். பதினோராவது படியில் தினமும் நிற்பார். அந்த இடத்துச் சுவரில் பழைய தீப்பெட்டி லேபிள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது, மயில் படம் போட்டது. அதைப் பார்ப்பதுபோல் நிற்பார்.

"என்னக்கா, தெனமும் அதே மயிலத்தான் பாக்கிய?"

"நேத்து அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சுட்டி. இன்னைக்குத் திரும்பியிருக்கு."

நான் சிரித்தேன். பல மாதம் கழித்து, மாத்திரை வாங்கிவரச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. சிறுவயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. அண்ணாச்சியிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். சொன்னால் வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிடுவார் என்ற பயம். நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபமாக வந்திருக்கிறது.

அந்தப் படிகளிலிருந்து தப்ப அவருக்கு ஒரு வழி இருந்தது. விளாத்திகுளம் சாலையில் புதிதாக வந்திருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பொறுப்பாளர் வேலை. எம்.சி.ஏ. முடித்த சான்றிதழ் ஜூன் மாதத்துக்குள் கையில் இருந்தால் இடம் அவருக்கு என்று சொல்லியிருந்தார்கள். அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தார். புராஜெக்ட் ஒன்றுதான் பாக்கி. "வாசல்லயே பஸ்ஸு நிக்கும். லேபு கீழ்தளம்ட்டி, படியே கெடையாது" என்று அவர் சொன்ன விதத்தை மறக்க முடியவில்லை. சம்பளத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

புராஜெக்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது தன்னுடைய விரல் வேலையைத்தான். நோட்டை வாசித்து நிக்கும், நிக்காது என்று அவர் சொல்வதை ஒரு புரோகிராம் சொல்ல வேண்டும். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் தனக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்து, எப்போதும் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்குச் செக்கர் என்று பெயர் வைத்தார். பழைய நோட்டுகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதையே அதுவும் சொன்னது. ஒரு நோட்டில் அவர் சொன்னது தப்பாகவும் செக்கர் சொன்னது சரியாகவும் இருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

புராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் செக்கரிடம் செக்கரையே கொடுத்துப் பார்க்க விரும்பினார். கேள்வி கேட்பவர்கள் அதைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. உள்ளே இருக்கும் செக்கருக்கும் சோதிக்க ஏதாவது கொடுக்க வேண்டுமே, அதற்கும் செக்கரையே கொடுத்தார். ஒவ்வொன்றும் தனக்குள் இன்னொன்றை ஓட்டத் தொடங்கும்போது திரையில் ஓர் எண் விழும்படி செய்திருந்தார்.

ஒன்று உடனே விழுந்தது. இரண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள். மூன்று விழுவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிட்டோம். நான்கு விழவில்லை. கொண்டுவந்த தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டோம். கீழே கிடங்கில் லேபிள் கட்டுகளை லாரியில் ஏற்றிவிட்டுப் போனார்கள். மூன்றரை மணிக்குக் கரண்ட் போனது. அதுவரை நான்கு விழவில்லை.

"மெமரி பத்தல" என்றார் அக்கா. "அண்ணாச்சிக்கிட்டச் சொல்லி இன்னொரு மிசினுலேந்து கழத்திப் போடணும். நேரந்தான் ஆவுது, நிக்கும்."

மெமரி அல்ல என்று எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் தலைப்புப் பக்கம் கிழிந்த ஓர் ஆங்கிலக் கணித நூலை வாங்கியிருந்தேன். புத்தகம் வாங்கினால் முதல் தாளில் பெயரும் தேதியும் எழுதுவதும், ஓரத்தில் பென்சிலால் குறிப்பதும் என் பழக்கம். அக்கா தேடுகிற அந்தப் புரோகிராமை யாராலும் எழுத முடியாது என்று அதில் ஒரே பக்கத்தில் நிறுவியிருந்தார்கள். வாசித்த அன்றே புரிந்தது. ஓரத்தில் "கனி அக்கா!" என்று எழுதினேன். பிறகு செய்தித்தாளில் அட்டை போட்டு, என் மேஜை டிராயரில் அடியில் வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். புராஜெக்ட் தலைப்பு ஏற்கனவே ஒப்புதல் ஆகிவிட்டது, மாற்றினால் ஜூன் தவறும், "எப்போதும்" என்ற வார்த்தையை வைவாவில் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இது ஒரு காரணம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியமில்லை. இது இன்னொன்று. மூன்றாவதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. நான் வாசிப்பதை யாரிடமும் பகிர்ந்துகொள்ளாதவள். அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

வைவா திருநெல்வேலியில் நடந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் வந்தார். பதினோராவது படியில் அன்றைக்கு அதிக நேரம் நின்றார். மேலே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் சொன்னார்.

"நல்ல மனுசன் உமா, கேள்வி கேக்க வந்தவரு. ஒங்க செக்கர் எப்பவும் சரியாச் சொல்லுமான்னு கேட்டாரு. சொல்லும் சார்னேன். அப்ப இதுக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்கன்னு போர்டுல நாலு வரி எழுதுனாரு. ஒரு புரோகிராமு. அது மொதல்ல என் செக்கரக் கூப்புட்டு, நான் நிப்பனா மாட்டனான்னு தன்னப் பத்தியே கேக்கும். நிக்கும்னு செக்கர் சொன்னா, வேணும்னே சுத்திக்கிட்டே இருக்கும். நிக்காதுன்னு சொன்னா, ஒடனே நின்னுரும். அவ்வளவுதான்."

இடது கையை மேஜைமேல் விரித்தார்.

"நான் இப்பிடி வெரல வச்சேன். நிக்கும்னா நிக்காது. நிக்காதுன்னா நின்னுரும். மடக்கவும் முடியல, நீட்டவும் முடியல. எல்லாரும் என் கையவே பாக்காவ. ரெண்டு நிமிசந்தான் இருக்கும். நானே சொல்லிட்டேன், சார், இது என் செக்கர்ல உள்ள தப்பு இல்ல, யாரு எழுதுனாலும் இப்பிடித்தான்னு. ஆமாம்மான்னாரு. ஆறு மாசம் கழிச்சுத் திருத்திக் கொண்டாங்கன்னு சொல்லிட்டாரு."

ஒரு பக்க நிரூபணத்தை, தோற்றுக்கொண்டிருக்கும்போதே, இரண்டு நிமிடத்தில் அவர் தானாகக் கண்டுபிடித்திருந்தார். நான் அதைப் புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டவள். ஜூன் போய்விட்டது என்பதை நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நீ இம்புட்டு வாசிக்கியே," என்றார். "இது ஒனக்கு முன்னமே தெரியுமாட்டி?"

அவர் கேட்டதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தெரியும் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விரலைக் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"தெரியாதுக்கா."

என் டிராயர் அவர் முழங்கைக்கு அருகில் இருந்தது.

அந்த ஆறு மாதத்தில் அவர் செய்ததைத்தான் அவருடைய பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். செக்கருக்கு மூன்றாவது விடை ஒன்றைக் கொடுத்தார். நிக்கும், நிக்காது, எனக்குத் தெரியல. இத்தனை வரி என்று ஓர் எல்லை வரை ஓட்டிப் பார்க்கும். அதற்குள் உறுதியாகத் தெரிந்தால் சொல்லும். இல்லையென்றால் தெரியல என்று சொல்லிவிட்டுத் தான் நின்றுவிடும். "முன்ன மாதிரி எல்லாத்துக்கும் பதில் சொல்லாது. ஆனா பொய் சொல்லாது" என்றார். அதைக் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செக்கரிடம் செக்கரையே மறுபடி கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் தெரியல என்று வந்தது. அக்கா சத்தமாகச் சிரித்தார். "பாத்தியா, ஊரு நோட்டையெல்லாம் திருத்துது. தன்னப் பத்தி அதுக்குத் தெரியல."

புராஜெக்ட் ஏற்கப்பட்டது. கல்லூரியில் அந்த இடத்துக்கு ஜூனிலேயே வேறொருவர் வந்துவிட்டிருந்தார். அக்கா தொடர்ந்து இருபத்திரண்டு படி ஏறினார்.

அதற்குப் பிறகு வந்த மாணவர்களின் நோட்டுகளில் நீங்கள் ஒரு சிவப்பு வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரியல, ஓட்டிப் பாரு என்று அர்த்தம். மிசின் சுற்றிக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை என்று வட்டம் போட்ட நோட்டுக்கு முதல் இடம் கொடுத்தார். "கனி மிஸ்ஸுக்கே தெரியல" என்று பையன்கள் பெருமையாக அதைக் காட்டித் திரிந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் மேஜையைக் காலி செய்தேன். அந்தப் புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை. பெட்டியில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் போன மறுவாரம் அக்கா பதினோராவது படியில் மயங்கி விழுந்தார். அப்போதுதான் அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்தது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. அன்று சாயங்காலமே மேஜைகளைக் கீழே கிடங்கின் ஓரத்துக்கு இறக்கிவிட்டார். "கோட்டி புடிச்சவளே, மொதல்லயே சொல்லியிருந்தா மொத நாளே எறக்கியிருப்பேனே" என்றாராம். இதை எழுதும்போது என் கை நின்று நின்று போகிறது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் விஷயம், அதுவும் எனக்குத் தெரிந்த வார்த்தை.

கடைசிக் கடிதத்தில் அக்கா இப்படி எழுதியிருந்தார்: "ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை வருஷம் என்று டாக்டரிடம் கேட்டேன். நேர்மையான மனிதர். வட்டம் போட்டுவிட்டார். என்னை நானே ஓட்டிப் பார்த்தேன், நான்கு விழவில்லை."

துட்டி கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய தம்பி ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். "அக்கா மேசைய எறக்குன அன்னைக்கு வீட்டுக்குக் கொண்டாந்தது. ஒங்க பேரு போட்டிருக்கு, அதான் எடுத்து வச்சேன்" என்றார். செய்தித்தாள் அட்டை அப்படியே இருந்தது. முதல் தாளில் என் பெயர், வைவாவுக்கு மூன்று மாதம் முந்திய தேதி. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். உள்ளே, நான் பென்சிலால் "கனி அக்கா!" என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்திலும் ஒன்று. வேறு எதுவும் எழுதவில்லை.

அந்தப் புத்தகமும் இரண்டு வட்டங்களும்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை. கடிதங்களும் இருக்கின்றன. நேற்று அவற்றை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பெங்களூருக்கு வந்த இந்த நான்கு வருடத்தில் அக்கா எனக்கு இருபத்தேழு கடிதம் எழுதியிருக்கிறார். முதல் கடிதம், மேஜைகளைக் கீழே இறக்கிப் பத்து நாள் கழித்து எழுதியது. நான் பதில் எழுதியது ஒன்பதுக்கு.